படகா, சைக்கிளா

எங்கள் மன்றத்தின் விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: நோயின் காரணமாகக் கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினருக்கு அறிவிப்பை வீட்டுக்கே அனுப்ப வேண்டும், அவர் தம் கருத்தை எழுதித் தந்தால், வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் அதை உரக்கப் படிக்க வேண்டும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. எனக்குப் புரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் விதியை எழுதியவன் நான். அப்போது செயலாளராக இருந்தவனும் நான்தான்.

மன்றம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். காஜா பெராங்கில் வாடகைக்கு எடுத்த பலகை வீடு, தகரக் கூரை, ஒரு கேரம் பலகை, இரண்டு நாள் பழைய பத்திரிகைகள். உறுப்பினர்கள் இருபது பேர்கூட இல்லை. பாதிப் பேர் என்னைப் போன்ற கிராணிகள், அலுவலக எழுத்தர்கள். ஓர் ஆசிரியர், ஒரு மளிகைக்கடை பாய், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள் குடியிருக்கும் செட்டி கம்போங்கிலிருந்து வரும் நில அளவையாளர் ஒருவர், ஒரு தபால்காரர். இருபது பேருக்கு நாற்பத்தோரு விதிகள் எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கு இரண்டு விதிக்கு மேல் வரும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், எங்கள் அலுவலகத்தின் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறத் தயாரானார். புக்கிட் பாருவில் இருந்த அவருடைய பங்களா வராந்தாவில் இரண்டு உடற்பயிற்சி இயந்திரங்கள் இருந்தன. ஒன்று துடுப்பு இயந்திரம். தரையோடு தரையாக நீண்ட இரும்புச் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் ஓர் இருக்கை, இழுப்பதற்கு இரண்டு கைப்பிடிகள். இன்னொன்று நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று, அதைச் சுற்றி ஒரு பட்டை. திருகாணியை இறுக்கினால் மலையேறுவது போல இருக்கும், தளர்த்தினால் வெறும் காற்றை மிதிப்பது போல இருக்கும்.

"ஒன்றை உங்கள் மன்றம் எடுத்துக்கொள்ளட்டும். எது என்று நீங்களே தீர்மானியுங்கள். மற்றது ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து கிளப்புக்குப் போகும்," என்றார் துரை. முடிவைச் சொல்ல இரண்டு வாரம் தவணை.

அந்த வராந்தாவில் நான் எத்தனையோ காலைகள் கோப்புகளோடு நின்றிருக்கிறேன். துரை துடுப்பு வலித்துக்கொண்டே இருப்பார். நூறு முறையோ இருநூறு முறையோ, அவர் கணக்கு முடியும்வரை நான் நிற்க வேண்டும். பிறகு இருக்கையில் இருந்தபடியே ஒற்றைக் கையால் கையெழுத்துப் போடுவார். மை ஒற்றும் தாளை நான் குனிந்து பிடிப்பேன். அந்த இருக்கையில் ஒருமுறை உட்கார வேண்டும் என்பதைத் தவிர, துடுப்பு இயந்திரத்தை நான் விரும்பியதற்கு வேறு காரணம் எதையும் இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தபால்காரருக்குச் சைக்கிள் தேவைப்பட்டது. ஆசை அல்ல, தேவை. சில மாதங்களுக்கு முன் பத்து பெரெண்டாம் சாலையில் ஒரு லாரி அவரை உரசித் தள்ளியதில் முழங்கால் உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்தபோது தொடை பாதியாக இளைத்திருந்தது. மூன்று மாதத்தில் மருத்துவ போர்டின் முன் நின்று, மறுபடி சைக்கிள் ஓட்டித் தபால் பட்டுவாடா செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வேலை போய்விடும். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

துரை சொன்ன செய்தி பரவிய அந்த வாரம், முழங்காலிலிருந்து எதையோ எடுப்பதற்காக அவரை மறுபடி பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் மனைவி என் அலுவலகத்துக்கே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கிராணி ஐயா, இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாரு. வேற யாருகிட்டயும் குடுக்காதேன்னாரு."

"ஏம்மா, தபால்ல போட்டிருக்கலாமே?"

"அத யாரு கொண்டாருவா? அவருதான் படுத்துக் கெடக்காரே!" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பென்சிலில் எழுதிய கடிதம். தினமும் அரை மணி நேரம் கனமில்லாமல் மிதித்தால் கால் தேறும் என்று டாக்டர் சொல்கிறார்; சாலை சைக்கிளில் ஏற முடிகிறது, இறங்கும்போது கால் தாங்கவில்லை; மன்றம் அந்தச் சைக்கிளை எடுத்தால் பேருதவியாக இருக்கும். கடைசி வரி இது: 'மற்றவர்கள் மிதிக்கும் நேரத்தில் நான் குறுக்கே வர மாட்டேன்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். தேதி இல்லை. உறுப்பினர் எண் இல்லை. பொருள் என்று தலைப்பிட்டு எழுதவில்லை. ஓரத்தில் 'முறையாக இல்லை' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, கோப்பில் சேர்த்தேன். ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு படுத்திருப்பவர் உறுப்பினர் எண்ணை எங்கே தேடுவார் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. அதற்குப் பிறகுதான் சுருக்கொப்பமிட்டேன்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. கூட்டத்துக்கென்று ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன், இரண்டு பத்தியாக, தட்டச்சில். துடுப்பு: கை, தோள், முதுகு, கால் என்று உடம்பு முழுவதற்கும் வேலை, மூச்சுக்கு நல்லது. சைக்கிள்: கால்களுக்கு மட்டும். துடுப்பு இயந்திரத்துக்கு ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இடம் வேண்டும் என்பதைக் கடைசியில் சிறிதாகப் போட்டேன். சைக்கிளின் திருகாணியைத் தளர்த்தினால் நோயாளியும் மிதிக்கலாம் என்பதைப் போடவே இல்லை. பட்டியலில் பொய் ஒன்றும் கிடையாது. அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அறிவிப்பைப் பலகையில் ஒட்டினேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மளிகைக்கடை பாய்தான் முதலில் பேசினார்.

"சைக்கிள் மிதிக்க ஒரு மெஷினா? நான் தெனம் கடைக்கு மிதிச்சுக்கிட்டுத்தானே வர்றேன். இதுல ஏறி மிதிச்சா கடைக்கும் போய்ச் சேர மாட்டேன், வீட்டுக்கும் போய்ச் சேர மாட்டேன்."

"அதான் பாய் நல்லது. ரெண்டு எடத்துலயும் ஏச்சு வாங்க வேணாம்லா," என்றார் ஆசிரியர்.

நில அளவையாளருக்கு வீட்டில் பேச்சு மலாய்தான். எங்களோடு பழகித் தமிழ் ஓரளவு புரியும். பட்டியலோடு நான் வைத்திருந்த துடுப்பு இயந்திரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "சம்பான் அடா, ஆயேர் தா அடா," என்றார். படகு இருக்கிறது, தண்ணீரைத்தான் காணோம் என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு எனக்குப் பாதகமாகப் போய்விடும் என்று பட்டது. எழுந்தேன். "சைக்கிள் என்பது பியூன்களும் தபால்காரர்களும் பிழைப்புக்காக மிதிப்பது. நாடு நம் கைக்கு வந்திருக்கிறது. துரைமார் மட்டும் உட்கார்ந்த இடத்தில் நாமும் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?" என்றேன். கை தட்டினார்கள். சொந்த ஆசையைத் தேசத்தின் ஆசையாக மாற்றுவது அவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆசிரியர் மட்டும் விடவில்லை. "தபால்கார அண்ணன் சைக்கிள் வேணும்னு ஏதோ கேட்டதா காதுல விழுந்துச்சே, சார். காலுக்கு நல்லதுன்னு…"

"முறைப்படி எதுவும் வரலை," என்றேன்.

கடிதம் என் முன்னால் மேசையில் இருந்த கோப்பில்தான் இருந்தது. கை தூக்கச் சொன்னேன். துடுப்பு பெரும்பான்மையில் வென்றது. நிகழ்ச்சிக் குறிப்பையும் நானே எழுதினேன்.

துரை கப்பலேறினார். துடுப்பு இயந்திரம் மன்றத்துக்கு வந்தது. சைக்கிள் ஜாசின் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தபால்காரர் ஒரு சாயங்காலம் கோலூன்றி வந்தார். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அப்போது பாயும் நானும் மட்டும் இருந்தோம். பாய் பின்கட்டில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம கடுதாசியப் படிச்சீங்களா சார்?"

"படிச்சோம்," என்றேன்.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் யோசிச்சாங்க. மெஜாரிட்டி இப்படிப் போயிருச்சு."

"அதுவும் சரிதான் சார். ஒருத்தன் காலுக்காக இத்தன பேரு ஆசைய விட முடியுமா? நீங்க எடுத்துப் படிச்சீங்களே, அதுவே பெருசு."

பிறகு, இதிலாவது முயன்று பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். அந்த இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அதில் உட்கார்ந்து முன்னால் நகர்ந்தால் முழங்கால் மார்புவரை மடங்க வேண்டும். அவருடையது பாதிகூட மடங்கவில்லை. மடக்க முயன்றவர் முகம் வெளிறிவிட்டது, எழுந்திருக்கவும் முடியவில்லை. பாயைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம்.

"கரை ஏத்திட்டீங்க சார்," என்று சிரித்தார். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாகத் தோட்டத்து கிளப்பின் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். எங்களிடம் உள்ள துடுப்பு இயந்திரத்தைத் தங்களிடம் உள்ள மிதி இயந்திரத்துக்கு மாற்றாகத் தர மன்றம் விரும்புகிறது. தங்கள் கருத்தை அறிய ஆவல். பொருள், எண், தேதி எல்லாம் முறையாக இருந்தது. காரணம் மட்டும் எழுதவில்லை. எழுதினால் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். கோப்பை யாராவது புரட்டினால், அந்தக் காரணம் எங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்வி வரும்.

இரண்டு வாரம் பதிலில்லை. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டல். ஜாசினுக்குப் பஸ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கடிதப் போக்குவரத்து நிலுவையில் இருக்கும்போது நேரில் போய்க் கேட்பது முறையல்ல என்று எனக்கு நானே விதி காட்டிக்கொண்டேன். நாற்பத்தோரு விதிகளில் அப்படி ஒன்று கிடையாது.

துடுப்பு இயந்திரத்தில் நான் மொத்தம் ஆறு நாள் உட்கார்ந்தேன். ஏழாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. மற்றவர்களும் ஒரு மாதத்தில் அலுத்துப் போனார்கள்.

போர்டு கூடியது. மூன்று டாக்டர்கள். உட்கார்ந்து எழச் சொன்னார்களாம், எழுந்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு சைக்கிளைக் கொடுத்து ஒரு சுற்று வரச் சொன்னார்களாம், வந்தார். இறங்கச் சொன்னபோது அந்தக் கால் தாங்காமல் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பணிக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். பிறகு பத்து பெரெண்டாமில் ஒரு கிடங்குக்கு ஜாகாவாகப் போனார், நாற்காலியில் உட்கார்ந்து காவல் காக்கும் வேலை.

செய்தி தெரிந்த அன்று மன்றத்தில் பாய் சொன்னார்: "பாவம், மனுசன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, சைக்கிளுக்கே கை தூக்கியிருப்பேன் கிராணி. நான் மட்டுமா? எல்லாருந்தான். இவ்வளவு ரோசம் கூடாதுலா ஒரு மனுசனுக்கு."

நான் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். தபால்காரர் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. பாய் காலமாகும்வரை சொல்லவில்லை. கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை என்று தபால்காரரிடமும் சொல்லவில்லை, கடைசிவரை அவர் என்னைக் கண்டால் நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வணக்கம் சொல்வார்.

தோட்டத்து கிளப்பின் பதில் நான்கே வரி. மிதி இயந்திரத்தை இங்கே யாரும் தொடுவதில்லை. துணி மூடிக் கிடக்கிறது. மாற்றாக எதுவும் தர வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தங்கள் கடிதங்களில் அவசரம் எதுவும் குறிப்பிடப்படாததால் தாமதித்துவிட்டோம், மன்னிக்கவும். தேவை இன்னதென்று தெரிந்திருந்தால் எங்கள் லாரியிலேயே அனுப்பி வைத்திருப்போம்.

வலது மேல்மூலையில் பெறப்பட்ட தேதியின் முத்திரையைக் குத்தினேன். போர்டு கூடியதற்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை.