அக்கா படித்துச் சொன்ன சீட்டாட்டம்

என் அக்காவை நான் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவள், இங்கிலீஷைத் தடங்கலில்லாமல் படிப்பவள், சிரித்துக்கொண்டே மாம்பழத்தில் பெரிய துண்டை எடுத்துக்கொள்பவள். இதில் ஏதாவது ஒன்று போதும், தங்கை உஷாராகிவிடுவாள்.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை விடுமுறையில் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆரணியில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, மாமா இறந்தபின் தனியாக இருந்தார். பிள்ளை கிடையாது. எங்களில் ஒருத்தியை அனுப்பி, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். யாரை என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. “ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் அதுவரை அம்மாவை விட்டு ஒரு இரவுகூடத் தனியாகத் தூங்கியவள் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இருந்தது ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில். மாடி அறைகளை அம்மா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவாள். அவர்கள் காலி செய்ததும் அறையைப் பெருக்குவது நாங்கள் இருவரும். அந்த வாரம் ஒரு கட்டிலுக்கு அடியில் சீட்டுக்கட்டும், மடித்த ஒரு தாளும் கிடைத்தன. ஸ்டட் போக்கர் என்று ஒரு ஆட்டம், அதன் ரூல்கள்தான் தாளில் இருக்கின்றன என்றாள் அக்கா. நான் இங்கிலீஷை எழுத்துக்கூட்டினால் ஒரு வரிக்கே மூச்சு வாங்கும். ஆக, ரூல் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டு கவிழ்ந்திருக்கும், அவரவர் மட்டும் பார்க்கலாம். மற்ற நான்கும் ஒவ்வொன்றாகத் திறந்தே விழும். விழ விழப் பந்தயம் கட்ட வேண்டும். அதற்குத் தண்ணீர் பாட்டில் மூடிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டோம். எதிராளி வைத்த அளவுக்கு வைக்க மனமில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம், ஆனால் அந்த ஆட்டம் தோற்றதாகக் கணக்கு. ரம்மியில் ஸ்கூட் விடுவதைப் போலத்தான்.

“என் எதிர்ல திறந்து கெடக்குறதப் பாருடி. உன் அஞ்சு சீட்டும் சேர்ந்து அதையே ஜெயிக்க முடியாதுன்னா அப்பவே ஸ்கூட் வுட்டுடு. வரும் வரும்னு உக்காந்தா மூடிதான் கம்மியாவும்” என்பாள்.

நல்ல புத்திதான். ஆனால் என்னை ஆட்டத்திலிருந்து சீக்கிரம் எழுப்பிவிடப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். ஒரே ரூலைக் காலையில் ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், துணி காயப்போடும்போது ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். மூன்று தரமும் அதே பதில். எவ்வளவு சுத்தமாக மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று சந்தேகம் ஜாஸ்தியானது.

எங்கள் பெரிய சண்டை கலரைப் பற்றியது. தீபாவளிக்குச் சித்தப்பா கூட்டாளிகளோடு மூணு சீட்டு ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதில் அடுத்தடுத்த எண்கள் வரிசையாக வந்தால் பெரியது. எல்லாம் ஒரே கலரில், அதாவது ஒரே சின்னத்தில், வருவது அதற்குக் கீழேதான். அக்காவோ, இந்த ஆட்டத்தில் கலர்தான் வரிசையை வெட்டும் என்றாள். தாளில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அதை நானே படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கல்லூரி வயது.

அன்றைக்கு நான் விடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நாற்பது நாள் மௌன விரதத்தில் இருந்தார். “வரிசைதானே தாத்தா பெருசு?” என்று தமிழில் கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைகூப்பிச் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு அது போதும். அக்கா புளுகுகிறாள் என்று சாட்சியோடு தெரிந்துவிட்டது. அவளிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவே சொன்னாள், ஒரே ஒரு ஆட்டம், தோற்பவள் ஆரணிக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று சீட்டுக்கட்டை நான் இரண்டு முறை கலைத்தேன். எனக்குத் திறந்து விழுந்தவை ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கவிழ்ந்திருந்தது பத்து. அக்காவின் எதிரில் இரண்டு, ஐந்து, ஜாக்கி, ராஜா, நான்குமே இதயச் சின்னம் போட்ட ஆட்டின். கவிழ்ந்ததும் ஆட்டினாக இருந்தால் அவள் ரூல்படி என் வரிசை வெட்டுப்படும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானோ இருந்த மூடி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

அக்கா தன் கவிழ்ந்த சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரணிக்குப் போனா யாரைக் கட்டிக்கினு தூங்குவே?”

“அது இன்னாத்துக்கு உனக்கு? நீ ஆடு” என்றேன். கவனத்தைக் கலைக்கிறாளாம்.

“நான் ஸ்கூட்டு” என்று சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

எனக்கு ஒப்பவில்லை. அவள் திரும்புவதற்குள் அந்த மறைவுச் சீட்டைப் புரட்டிவிட்டேன். ஆட்டின் மூன்று. ஆக ஐந்தும் ஆட்டின். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கலர் பெரிது என்று நான்கு நாளாகச் சாதித்தவள், கையில் முழுக் கலரை வைத்துக்கொண்டு ஓடுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அவள் ரூலை அவளே நம்பவில்லை. “மாட்டுனியா?” என்று கத்தினேன்.

“ஸ்கூட் வுட்ட சீட்டைத் திறந்து பாக்கக் கூடாதுடி. அதுவும் ரூல்தான்” என்றாள்.

நான் நேராக அம்மாவிடம் போனேன். அக்காதான் ஆரணிக்குப் போகிறாள் என்று முதலில் சொன்னேன். பிறகு சீட்டாட்டத்தை, அவள் கையிலிருந்த ஐந்து ஆட்டினை, அவள் இட்டுக்கட்டிய ரூல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன். அம்மா பாதியிலேயே எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பொய் சொல்கிறவளை இப்படிக் கொஞ்சினால் அவள் எப்போது திருந்துவாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.