லாரி நெற்றியில் ஒரு பெயர்

சாய்ந்த எழுத்தைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாமக்கல்லில் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். லாரி, போர் போடும் ரிக் வண்டி, இளம்பிள்ளைச் சேலைக்கடையின் தள்ளுபடி பேனர், எதற்கும் அந்த எழுத்தைத்தான் கேட்கிறார்கள். தடித்து, நெருக்கியடித்து, வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். லாரி நெற்றியில் இடம் கொஞ்சம். நீளப் பெயரையும் அடைக்க வேண்டும், தூரத்திலேயே தெரியவும் வேண்டும். வண்டியின் இடப்பக்கம் ஒட்டும்போது மட்டும் சாய்வைத் திருப்பிவிடுவேன். இல்லாவிட்டால் வண்டி பின்னால் போகிற மாதிரி இருக்கிறது என்று ஓனர் சண்டைக்கு வருவார்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வெண்ணந்தூர்ப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர், புது வண்டிக்குப் பெயர் ஒட்ட மகளைக் கூட்டிவந்தார். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒட்டப்போவது அவள் பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நேராக நின்ற எழுத்தையெல்லாம் வேண்டாமென்று தள்ளினாள். சாய்ந்ததைப் பார்த்ததும், "இதுங்கண்ணா, இதுதான் ஓடுது" என்றாள். அவள் பெயரில் சுழி எழுத்து இரண்டு. அவ்வளவு தடிமனில் சுழி அடைத்துக்கொள்ளும். அரைநாள் உட்கார்ந்து இரண்டையும் திறந்துவிட்டேன். மகள் பெயர்தான் தனக்கு ராசி என்று அவர் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அதே வண்டியோடு தனியாக வந்தார். அவள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாளாம். பையன் வேறு சாதியாம்.

"அந்தப் பேர உரிச்சுப்போடுங்க. அவ இனி எங்கூட்டுப் புள்ள இல்லீங்க."

அடப்பாவி மனுஷா, அவள் பெயரை வைத்துத்தானே இத்தனை வருஷம் ஊர் ஊராக லோடு அடித்தாய்! கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பத்து லாரிக்காரரிடம் சொல்லித் தொழிலைக் கெடுத்துவிடுவார் என்ற பயம். வெட்கங்கெட்டவன், ஏணி போட்டு ஏறினேன். சூடு காட்டி ஒவ்வொரு எழுத்தாக உரித்தேன்.

உரிக்க உரிக்க அடியில் பெயர் அப்படியே இருந்தது. சுற்றிலும் பெயிண்ட் வெயிலில் வெளுத்துவிட்டது. ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் புது நீலம். நான் திறந்துவிட்ட சுழிகூடத் தெரிந்தது. இது போகாதா என்று கேட்டார். முழுசாகப் பெயிண்ட் அடித்தால்தான் போகும் என்றேன். லோடு காத்திருக்கிறது, வந்து அடித்துக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

நாலு நாள் கழித்து அவள் போன் செய்தாள். எடப்பாடி ரோட்டில் அப்பாவின் வண்டியைப் பார்த்தாளாம். வண்டி ஓரத்தில் நான் ஒட்டியிருந்த என் கடை நம்பரைக் குறித்துக்கொண்டாளாம்.

"ஸ்டிக்கர் இல்லீங்கண்ணா. ஆனா பேரு தெரியுது. அப்பா வேணும்னு உட்டு வெச்சிருக்காருங்களா, இல்ல போகலீங்களா?"

ஆமாம், விட்டுவைத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஆளை நல்லவனாக்க எனக்கு நாக்கு எழவில்லை.

"போகல சாமி" என்றேன்.

"சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அவர் முன்னால் திறக்காத வாய், அவளிடம் மட்டும் உண்மை பேசிவிட்டது. நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.