வெயிலில் நீட்டிய கை

என் சித்திக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தது உப்புத் தண்ணீர்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அதில் பாதி உண்மை.

சுனாமிக்குப் பிறகு தெற்கு அந்தமானின் தாழ்வான பகுதிகளில் பல கிணறுகள் உவர்த்துப் போயின. புரோத்ராபூரில் எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் எங்கள் கிணறு தப்பித்தது. அந்த உப்பால் எங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்கள் வீட்டில் சும்மா இருந்த அம்மாவின் தங்கைக்கு, போர்ட் பிளேரில் குடிதண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பெரார்கஞ்சிலிருந்து ஜீப்பிலும் ஹேவ்லாக்கிலிருந்து படகிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் அவள் மேஜைக்கு வந்து சேரும்.

ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனாள். தண்ணீரில் எதையோ கலந்து மஞ்சளாக்கினாள். பிறகு நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மஞ்சள் செங்கல் நிறமானதும் நிறுத்திவிட்டாள். சீக்கிரம் சிவந்தால் உப்பு குறைவு என்று அர்த்தமாம். ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் சிவக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சித்தியின் முகம் சுண்டிவிட்டது.

"இதத்தான் பச்சப் புள்ளைங்களுக்கும் குடுத்துட்டிருக்காங்க" என்றாள்.

அந்த மருந்து பழுப்புக் குப்பியில், அலமாரிக்குள் இருக்கும். தொடப்போன என் கையைத் தட்டிவிட்டாள். மேலே பட்டால் முதலில் ஒன்றும் தெரியாதாம், வெளிச்சம் படப்படக் கறுத்துவிடுமாம். அதனால் அந்தக் குப்பியைத் திறப்பதற்கே அவள் கையுறை போட்டுக்கொள்வாள். வீட்டில் கத்தரிக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறவள் அங்கே அத்தனை கவனமாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் மதுரையிலிருந்து வரன் வந்தது. பொருத்தம் எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. சித்தி முடியாது என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "மெயின்லேண்ட் மாப்ள இன்னொரு தடவ கெடைப்பானா?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். நான் அம்மா கட்சி. கல்யாணம் மதுரையில் என்றால் கப்பல் பயணம் நிச்சயம். சித்தி என்ன பாடுபடுகிறாள் என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை, மேல்தட்டில் நிற்பதற்கு எந்தப் பாவாடையைக் கட்டுவது என்ற யோசனையே பெரிதாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கப்பலில் வந்து இறங்கி, பஜாரில் துணிக்கடை வைத்திருந்த உறவினர் வீட்டில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை சித்தி பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வலது கையை வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தாள். என்ன சித்தி என்று கேட்டேன். "சும்மாதாண்டி. போய் வெளயாடு" என்றாள்.

மத்தியானம் அவள் விரல் நுனிகள் பழுப்பாகத் தெரிந்தன. மருதாணி வைக்கலாம் என்று சாயந்தரம் அம்மா கையைப் பிடித்துப் பார்த்தபோது ஐந்தும் கரியாகக் கறுத்திருந்தன. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேலையில் கொட்டிவிட்டது என்றாள் சித்தி.

புளி போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சை, சாம்பல், மண்ணெண்ணெய் என்று எதுவும் பாக்கி இல்லை. பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி கல் உப்போடு வந்து அவளும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "யே தாக் நஹி ஜாயேகா, தீதி" என்று உதட்டைப் பிதுக்கினாள். கறை போகாது என்று இந்தியில் கேட்டதும் அம்மாவுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. நான் விடவில்லை. தேங்காய் நாரை எடுத்து, என் கப்பலை நினைத்துக்கொண்டு, மூச்சுமுட்டத் தேய்த்தேன். சித்தி வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் கையைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மேலேயே மருதாணியை அப்பினோம். காலையில் உள்ளங்கை சிவந்திருந்தது, நுனிகள் கறுப்பாகவே இருந்தன.

காபித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுக்காமல் விரல்களைப் பார்த்தார். "இதென்னம்மா, தோல்ல ஏதும் வியாதியா?"

"இல்லைங்க. தண்ணியில உப்பு பாக்குற மருந்து. தெனம் தொடுற வேல. போகாதுங்க" என்றாள் சித்தி, தலையைக் குனிந்துகொண்டு.

"இந்தக் கையாலயா சமைக்கணும்?" என்று அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். காபி ஆறிப்போனது. அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

நான் அன்று முழுக்க அழுதேன். சித்தி என்னை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அவளும் அழுதாள். கறை சில வாரங்களில் தானாக உரிந்து போய்விட்டது. தேங்காயெண்ணெயும் மஞ்சளும்தான் காரணம் என்று அம்மா பெயரைத் தட்டிக்கொண்டு போனாள். சித்தி தினமும் வேலைக்குப் போனாள், வழக்கம்போலக் கையுறையோடு. பின்னால் கல்யாணமும் செய்துகொண்டாள், வேலையை விடச் சொல்லாத ஒருவரை.

கல்லூரியில் நானும் கெமிஸ்ட்ரிதான் எடுத்தேன். ஒருநாள் அதே மருந்து என் கையில் தெறித்தது. மறுநாள் பார்த்தால் மணிக்கட்டில் ஒரு புள்ளி, கட்டைவிரலில் ஒரு கீற்று, புறங்கையில் நாலைந்து பொட்டு என்று கண்ட இடத்தில் கறுத்திருந்தது. கொட்டினால் அப்படித்தான் ஆகும்.

சித்தியின் கையில் வேறு எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்து விரல்களிலும் முதல் கணு வரை, மருதாணித் தொப்பி வைத்தது போல அளவாகக் கறுத்திருந்தது. அதைத்தான் நான் தேங்காய் நாரால் அழிக்கப் பார்த்திருக்கிறேன்.