ரயிலக்கா மோட்டார் போடுகிறார்

"தள்ளுங்க, தள்ளுங்க" என்றபடி ஒரு கையால் சிந்திய மாவைக் கூட்டி, மறு கையால் பையை வாங்கி, வாயில் பாதி ரொட்டியோடு வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், எங்கள் வீட்டுக்குக் கீழே மாவு மில் நடத்தும் அக்கா. எப்போதும் ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இருப்பதால் தெருவில் ரயிலக்கா என்றே பெயர். தும்மலைக்கூட முழுசாகத் தும்மமாட்டார்.

மோட்டார் போடும்போது மட்டும் ஆளே வேறு. தானியம் விழும் வாயை மூடிவிட்டு, ஸ்டார்ட்டரின் கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். உறுமல் ஏறிச் சீரானதும் மறுபக்கம் சட்டென்று தள்ளுவார். அதன்பிறகே தானியம். யாராவது முணுமுணுத்தால், "காலியா ஓடி வேகம் புடிக்கட்டும். மேல எங்கண்ணன் மூச்சு விடணும்ல?" என்பார்.

அந்த அண்ணன் என் அப்பா. நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தவருக்கு ஆக்சிஜன் தரும் மின்கருவியை வீட்டில் வைத்தோம். அன்றே கீழே மோட்டார் கிளம்பியதும் விளக்குகள் மங்கின. கருவி கீச்சிட்டு நின்றுபோனது. அப்பாவின் உதடு நீலம் பாரித்தது. கருவியை மறுபடி ஓட வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மா சண்டைக்கென்றே இறங்கினார்.

"ஏம்மா, உன் மெஷின் என் வீட்டுக்காரர் உயிரக் குடிக்குதே!"

ரயிலக்கா மில்லைப் பூட்டிவிட்டு ஓடி, எலக்ட்ரீஷியனைக் கையோடு இழுத்து வந்தார்.

"எடுத்த எடுப்புல முழு வோல்டேஜும் குடுத்தா, மோட்டார் கரண்ட்ட வாரி இழுக்கும்க்கா. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டா கொறஞ்ச வோல்டேஜ்ல கெளம்பும். ஆனா அப்ப பலமும் கம்மி. காலியாத்தான் கெளப்பணும். பொறுமை வேணும்."

"பொறுமைதானே? எங்கயாவது கடன் வாங்கிக்கிறேன். நீ போடு."

அதைப் பொருத்தி முடிக்கும்வரை மில் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் விளக்கு லேசாகக் கண் சிமிட்டியதோடு சரி. கருவி ஒருமுறைகூட நிற்கவில்லை. கீழே உறுமல் மெல்ல ஏறும்போதெல்லாம் அம்மா, "மகராசி, நல்லா இருக்கணும்" என்று சமையலறையில் இருந்தபடியே சொல்லிக்கொள்வார்.

அப்பா மெல்லத் தேறினார். கருவி இல்லாமல் நடமாடலாம் என்று டாக்டர் சொன்னதும், என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி நேரே மில்லுக்குத்தான் போனார். மில் முழு வேகத்தில் அரைத்துக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம். அப்பா ஏதோ சொன்னார்; இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைச் சேர்த்து உரக்கச் சொல்லப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

தானியம் உள்ளே இருக்கும்போது நிறுத்தினால் அந்த மோட்டார் மறுபடி கிளம்பாது. அரைக்கும் கல்லைத் திறந்து எல்லாவற்றையும் கையால் அள்ளி வெளியே போட்டாக வேண்டும். ரயிலக்கா சிவப்புப் பட்டனை அழுத்தினார். மில் அடங்கியது. ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரவைத்தார்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணே" என்றபடி, எதிரே மாவுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.