முதல் பரீட்சை

லோர்னா பரனியுக் கனடாவின் சஸ்கட்சுவான் மாகாணப் பனித்தளங்களில் ஹாக்கி ஆடியே வளர்ந்தவள். மோதி மோதி மண்டை கலங்கியதால்தான் ஆட்டத்தை விட்டாள். இப்போது பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோச். தன் கதி எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாதென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

ஆட்டப் பருவம் தொடங்குமுன் எல்லோரும் ஒரு ஞாபகப் பரீட்சை எழுதுவார்கள். தலையில் அடிபட்டவள் அதையே மறுபடி எழுத வேண்டும். முதல் தடவையைவிட மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் தடுப்புப் பலகையில் தலை மோதி விழுந்த டெஸ், இரண்டாம் பரீட்சையில் தேறிவிட்டாள். ஆனால் ஸ்கேட் ஷூவின் கயிற்றைத் துளையில் கோக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தாள். லோர்னாவுக்குச் சுருக்கென்றது.

"உண்மையச் சொல்லுடி. முதல் பரீட்சைய வேணும்னே சொதப்பினியா?"

"ஆமா கோச். அப்பதானே அடிபட்டாலும் மார்க்கு குறையாது?"

"எந்தக் கழுத இத உனக்குச் சொல்லிக் குடுத்துச்சு?"

டெஸ் சிரித்துவிட்டாள். "என்ன கோச், வெளையாடுறீங்களா? நீங்க அப்படி ஏமாத்தி ஆடின கதைய ஆட்டத்துக்குப் போற ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல சொல்வீங்களே! எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

ஏமாற்றியது லோர்னாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இவர்களிடம் ஒரு தடவை சொன்னதாகக்கூட நினைவில்லை.