டீ நேரத்தில் அளந்த வோல்ட்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஃபியூஸ் போட ஏணியில் ஏறினால், அது ஏன் போனது என்று நாலு பேருக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் இறங்குவேன்.

அயனிங் பிரிவின் கடைசி மேஜையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. இளவட்டத்திலிருந்தே தேய்ப்புப் பெட்டி பிடித்தவர். முன்பு முதல் மேஜையில் நின்ற காலத்தில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. ஆர்டர் கூடியபோது சுவரோரம் கடைசியில் புதிதாக ஒரு மேஜை போட்டு அவரை அங்கே மாற்றினார்கள். அதற்கு லைன் இழுத்தவன் நான். வயர் எட்டவில்லை. மிச்சம் கிடந்த துண்டு ஒன்றை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மேலே பலகைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஷிப்மென்ட் அவசரத்தில் எல்லாம் சரிதான் என்றிருந்தது.

மேஜை மாறிய பிறகு அண்ணாச்சி பின்தங்கினார். கனமான துணியில் சுருக்கம் நின்றது. ஒரே பீஸை இரண்டு தடவை தேய்த்தார். "பொட்டி சூடே ஏற மாட்டக்கு சார்" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் முதலாளியே கூப்பிட்டார்.

"ஏனுங்க, குறை பொட்டிலயா, ஆள்கிட்டயா? பார்த்துச் சொல்லீருங்க."

எங்கள் ஊரில் ஓடுகிற வேலையை நிறுத்தி யாரும் ரிப்பேர் பார்க்கமாட்டார்கள். டீ நேரம்தான் எங்களுக்கு வாய்த்தது. எல்லோரும் டம்ளரோடு நிற்க, மெஷின்கள் அடங்கியிருக்க, நான் மீட்டரோடு கடைசி மேஜைக்குப் போனேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை சாக்கெட்டில் வைத்தேன். 230 வோல்ட். பெட்டியின் ரெசிஸ்டன்ஸ் 53 ஓம். அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: 230 வகுத்தல் 53, கரண்ட் 4.3 ஆம்பியர் சொச்சம். அதை 230 ஆல் பெருக்கினால் ஆயிரம் வாட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெட்டியில் அச்சடித்திருந்ததும் ஆயிரம்தான்.

"பொட்டில உள்ள லைட்டு அணையவே மாட்டக்கு சார். மத்த பொட்டில சூடு ஏறுனா அணையும்லா" என்றார் அண்ணாச்சி.

"லைட் எரியுதுன்னா கரண்ட் போகுதுங்க. கரண்ட் போனா சூடாகத்தான் செய்யும். பொட்டி நல்லா இருக்குது, கைதான் ஓடல" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

அண்ணாச்சி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரை மடிப்பு வேலைக்கு மாற்றினார்கள். சில நாளில் அதையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த மேஜைக்கு வந்த அடுத்த ஆளும் அதையே சொன்னார். அவர் கொஞ்சம் வாய்க்காரர், என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். வேலை ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி சூட்டில் இருந்தது. அந்த நிலையிலேயே அளந்தேன். 200 வோல்ட். 200 ஐ 53 ஆல் வகுத்தால் ஆம்பியர் நாலுகூட இல்லை. அதை 200 ஆல் பெருக்கினால் 750 வாட் சொச்சம். பெட்டிக்குச் சேர வேண்டியதில் கால்வாசி வந்துசேரவே இல்லை. லைட் அணையாததற்குக் காரணமும் அதுதான். கனத்த துணி சூட்டை இழுக்க இழுக்க, பெட்டி வேண்டிய சூட்டை எட்டியதே இல்லை.

ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினேன். நான் சுற்றிய டேப் கருகி ஒட்டிக்கிடந்தது. குறைந்த 30 வோல்ட்டில் பெரும்பங்கு அந்த முடிச்சில்தான் சூடாகிக்கொண்டிருந்தது, பஞ்சுத் தூசி அப்பிய சுவரில். டீ நேரத்தில் நான் செய்ததுபோல் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அளந்தால் வயரில் கரண்டே ஓடாது, அதில் வோல்ட்டும் குறையாது. டிப்ளமோவில் முதல் வருடப் பாடம். பெட்டியைச் செருகிச் சூடேற்றியபடி அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தடித்த வயர் ஒரே நீளமாக இழுத்தேன். முதலாளியிடம், "வயரு பழசாயிருந்துச்சுங்க, மாத்தியாச்சு" என்றேன். "நல்லதுங்க" என்றார். அண்ணாச்சி பெயரை நான் எடுக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

பல மாதம் கழித்து பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனிக்கு வேலையாகப் போனேன். கேட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து நின்றார். அண்ணாச்சி.

"வாங்க சார். நல்லாருக்கீகளா?" என்றவர் தானாகவே சொன்னார்: "அன்னைக்கு நீங்க கணக்குப் போட்டுக் காட்டுனது நல்லதாப் போச்சு. இல்லைன்னா பொட்டியையே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். கை தளந்துட்டுன்னு தெரிஞ்சதும் பொட்டி பிடிக்கிறதையே விட்டுட்டேன்."

போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: முடிச்சு, கருகிய டேப், 200 வோல்ட், எதையும் அங்கே யாரிடமும் சொல்லாமல் இருந்தது. மன்னிச்சுக்குங்க என்று கையைப் பிடித்தேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பிடியிலிருந்து கையை உருவி, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார்.

"அப்போ கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "ஏட்டி, இந்தா ஒரு சார் பேசுதாரு, கேளு" என்று என்னிடம் நீட்டினார். "இப்ப சொன்ன கணக்கை அவகிட்ட ஒருதடவை சொல்லுங்க சார். பொட்டி சூடேறலன்னு நான் சொன்னப்ப அவளும் நம்பல."

போனை வாங்கினேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், "சொல்லுங்க சார்" என்றது.