வளரும் பிள்ளைக்கு ஒரு கால்பெட்டி

வெள்ளிக்கிழமைக் காலையில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது அஞ்சுகத்தின் வேலை. வழிந்ததைப் பழந்துணியால் துடைப்பது மகள் லோகாம்பாளின் வேலை. அவளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது தோள்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒரு குறையும் இல்லை. விரல்கள் ஊசியில் நூல் கோக்கும். ஆனால் கை மேலே எழும்பாது, தூரமாக நீட்டவும் வராது.

அன்று அவள் துடைக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாட்டு வாத்தியாரு இனிமே வர வேணாம்னுட்டாரும்மா.”

அஞ்சுகம் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு வாத்தியார் முத்தையன் வீட்டுக்குப் போனாள். முத்தையன் கெட்டவர் இல்லை. வயலினைக் கொடுத்துப் பார்த்திருந்தார். இடது கை ஏறவில்லை. வீணையில் தண்டியின் மறுகோடி எட்டவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு கை கட்டைகளில் இருந்தால் இன்னொரு கை பின்பக்கம் போய்க் காற்றடிக்க வேண்டும், அது போகவில்லை.

“வாய்ப்பாட்டு சொல்லிக் குடுக்கலாம்தாம்மா. ஆனா தொண்டை...” என்று இழுத்தார்.

லோகாம்பாளின் தொண்டை அப்பாவுடையது. அப்பா தெட்சிணாமூர்த்தி மேரி ஆபீசில் சேவகர். நகராட்சியை ஊர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் வாசலில் நின்று ஓர் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

“அவ பாடணும்னு கேக்கலீங்க. வாசிக்கணும்ங்கிறா.”

“வாசிக்கிறதுக்குக் கை வேணும்லம்மா. புள்ளைக்கு ஆசை காட்டாதீங்க.”

அஞ்சுகம் திரும்பி வந்தாள். மத்தியானம் ரவிக்கைத் துணி வெட்ட உட்கார்ந்தாள். அம்மா வெட்டும்போது பாபினில் நூல் சுற்றுவது லோகாம்பாள். காலால் மிதித்தாள், சக்கரம் ஓடியது, விரல் நுனியில் நூல் வழிந்துகொண்டிருந்தது. கை எங்கேயும் எழும்ப வேண்டியிருக்கவில்லை.

அஞ்சுகம் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிற மன்சூர் அலி, மனைவி அமீர் நிஷாவின் ரவிக்கைகளை வாங்கிப்போக அன்று சாயங்காலம் வந்தார்.

“அண்ணே, காலால காத்தடிக்கிற ஆர்மோனியம்னு ஒண்ணு உண்டா?”

“ஏன் இல்லாம? நாடகத்துல வச்சு வாசிப்பாங்களே, கால்பெட்டி. கீழவாஞ்சூர் சுங்கச்சாவடிக் கொட்டாயில ஒண்ணு கெடக்கு தங்கச்சி. தீர்வை கட்ட முடியாம நாடகக்காரன் ஒருத்தன் போட்டுட்டுப் போனது. பிரெஞ்சுக்காரன் போனப்புறம் சாவடியே இல்ல. எலி குட்டி போட்டிருக்கும்.”

“எலியைக் கழிச்சுட்டுப் பெட்டியைக் கொண்டாங்க. நிஷாவோட தங்கச்சி கல்யாணத்துக்கு அத்தனை ரவிக்கையும் நான் தச்சுத் தர்றேன்.”

பெட்டி மாட்டுவண்டியில் வந்தது. துருத்தியில் எலி கடித்த ஓட்டைகளை அஞ்சுகமே தோல் ஒட்டி அடைத்தாள். ஆனால் லோகாம்பாளை உட்கார வைத்தால் கட்டைகள் அவள் நெஞ்சு உயரத்தில் நின்றன. நாற்காலியை உயர்த்தினால் கால் மிதிக்கு எட்டவில்லை. தச்சன் தங்கையன் ரம்பத்தோடு வந்தான். அஞ்சுகம் மகளின் முழங்கைக்கு டேப் பிடித்து அளந்து, பெட்டியின் நாலு கால்களிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். தங்கையன் அறுத்தான்.

லோகாம்பாள் உட்கார்ந்தாள். விரல்கள் கட்டையின் விளிம்பைத் தொட்டு வழுக்கி விழுந்தன.

“இன்னும் மூணு விரல் ஒசரமா இருக்கே,” என்றார் தெட்சிணாமூர்த்தி.

“நீங்க போட்ட கோட்டுலதான்க்கா அறுத்தேன்,” என்றான் தங்கையன்.

அஞ்சுகம் கோட்டைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்துப் பழக்கம். பெண்பிள்ளைகளின் பாவாடைக்கு மூன்று விரல் கூடுதல் வைத்து, மடித்துத் தைத்துக் கொடுப்பாள். வளர வளரப் பிரித்து விடுவார்கள். கை தானாகவே அந்த மூன்று விரலைச் சேர்த்துவிட்டது.

தெட்சிணாமூர்த்தி சிரித்தார். “பாவாடைன்னு நெனச்சியா? தீவாளிக்குத் தீவாளி பிரிச்சு விட?”

அவளுக்குக் கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தவளின் கண் பெட்டியின் கால்களுக்குப் போனது.

“ஆமாங்க, அப்படித்தான். தங்கையா, அந்த மூணு விரலையும் அறுத்துடு. ஒவ்வொரு விரலா துண்டு போட்டு, திருகாணி வச்சு மறுபடி மாட்டுற மாதிரி குடு. வளர்ற புள்ள.”

மிதியின் வாரையும் தங்கையன் இழுத்துக் கட்டினான். லோகாம்பாளின் முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. விரல்கள் கட்டைகளின் மேல் கிடந்தன. மிதித்தாள். பெட்டி ‘ம்மாஆ’ என்றது.

“கன்னுக்குட்டியை எங்கடி கட்டிப்போட்டிருக்க?” என்றார் அப்பா.

அவள் காதில் விழவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினாள். அன்று சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்து வரவில்லை.

ஒரு வருஷத்தில் எதிர் டீக்கடை ரேடியோவில் வந்ததெல்லாம் அவள் விரலுக்கு வந்தது. கோயில் நாகஸ்வரத்தில் கேட்டதைத் தப்புத்தப்பாக அழுத்தி, தானே திருத்திக்கொண்டாள். ரவிக்கை வாங்க வந்த பெண்கள் வாங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் வளர்ந்திருந்தாள்; தங்கையன் வந்து பெட்டியின் கால்களில் முதல் விரல் துண்டுகளை மாட்டிவிட்டுப் போனான்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. சுவாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே ஊரே கையைத் தூக்கிக்கொண்டு பிடிக்கும். லோகாம்பாள் ஒரு வருஷமும் பிடித்ததில்லை. அப்பா பிடித்துக் கொடுத்தால், “இது நான் புடிச்சதில்ல,” என்று தள்ளிவிடுவாள்.

இந்த வருஷம் அவள் தெருவுக்கே போகவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்து, நாகஸ்வரக்காரர் நிறுத்திய இடத்தில் அதே பாட்டைப் பெட்டியில் எடுத்தாள். முன்னால் போனவர்கள் திரும்பினார்கள். சுவாமி தாண்டிய பிறகும் வாசலில் கூட்டம் கலையவில்லை. எதிர் மாடியிலிருந்து ஒரு பெண், “இந்தாடி தங்கம், புடிச்சுக்க!” என்று கத்தினாள். மாம்பழம் கதவு வழியே வந்து, பெட்டிமேல் விழுந்து உருண்டு, அவள் மடியில் நின்றது.

“புடிச்சிட்டேம்மா,” என்றாள் லோகாம்பாள். வாசிப்பை நிறுத்தவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்தையன் உள்ளே வந்தார். பாட்டு முடியும்வரை நின்றார். குனிந்து பெட்டியின் கால்களையும் திருகாணிகளையும் பார்த்தார்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்லீங்க,” என்றாள் அஞ்சுகம்.

“அடுத்த மாசம் பள்ளிக்கூட விழாவுல வாசிக்கட்டும். நானே ஏற்பாடு பண்றேன். மொதல்ல எங்கிட்டத்தானே வந்தா... நம்ம வகுப்புப் புள்ளன்னு சொல்லிக்கலாம்ல?”

அஞ்சுகம் மகளைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியது.

லோகாம்பாள் மாம்பழத்தை மடியில் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். இரண்டு கால்களும் மிதிக்க ஆரம்பித்தன. அடுத்த பாட்டு கிளம்பியது. முத்தையன் அது முடியட்டும் என்று காத்திருந்தார். அது முடியாமலே இன்னொன்றில் போய்ச் சேர்ந்தது. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கிடையே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து, அவர் வெளியே போனார்.